பார்த்து இறங்குங்க!

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

இன்னிக்கு எபிசோடை ரெண்டு எண்களோட ஆரம்பிக்கறேன். 565, அப்புறம் 18.

திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயிலுக்கு மலை ஏறணும்னா 565 படி. எங்க ஊர் மதுராந்தகம். செங்கல்பட்டு போய் பஸ் மாறினா திருக்கழுக்குன்றம் வந்துடும். எங்க அம்மா வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த மலையை ஏறி இறங்கிடுவாங்க. அம்மாவுக்கு வயசு 62. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அங்க அவங்களுக்குக் கால் இடறினதே இல்ல.

18 எங்க வீட்டு மாடிப்படி. போன மே மாசம் மொட்டை மாடியில காயப்போட்ட வத்தலை முறத்துல எடுத்துக்கிட்டு அம்மா இறங்கி வந்தாங்க. 17 படி ஒழுங்கா இறங்கிட்டாங்க. கடைசிப் படியில விழுந்தாங்க. வலது கை மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பார்க்க வந்த எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பார்த்து இறங்கக் கூடாதா?" அப்பா கேட்டார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, போன்ல நானும் கேட்டேன். அம்மா சொன்ன பதில்: "பார்த்துதாண்டி இறங்கினேன். வயசாயிடுச்சு, வேற என்ன?"

அதுக்கப்புறம் மூணு மாசம் அவங்க மாடிக்கே போகல. அப்பா மாடிக் கதவைப் பூட்டி சாவியை எடுத்து வெச்சுக்கிட்டார். இந்த வருஷம் மலையும் வேண்டாம்னு வீட்ல முடிவாச்சு. எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. 565 கல் படியில விழாதவங்க, முப்பது வருஷமா பழகின 18 படியில ஏன் விழுந்தாங்க? வயசுதான் காரணம்னா மலையிலதானே முதல்ல விழுந்திருக்கணும்?

அதைத் தேடிப் போனப்ப தெரிஞ்சுக்கிட்டதுதான் இன்னிக்கு எபிசோட். படி ஏறி இறங்கும்போது நம்ம கண்ணு என்ன பண்ணுது, எந்த இடத்துல ஏமாறுது, அதுக்கு நாம என்ன செய்யலாம்.

கண்ணு எல்லாப் படியையும் பார்க்கறதில்ல

இப்ப உங்க வீட்டுப் படியையோ ஆபீஸ் படியையோ நினைச்சுப் பாருங்க. எத்தனை படின்னு சொல்ல முடியுமா? பெரும்பாலானவங்களால முடியாது. தினமும் நாலு தடவை இறங்கற படியா இருந்தாலும் தெரியாது. ஏன்னா நாம ஒவ்வொரு படியா பார்த்து இறங்கறதே இல்ல.

கண்ணு எங்க பார்க்குதுன்னு பதிவு பண்ற கருவியைத் தலையில மாட்டிவிட்டு, ஆட்களைப் படி ஏறி இறங்கச் சொல்லி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இங்கிலாந்துல 2009-ல வெளியான ஒரு ஆய்வுல, பார்வை கால் வைக்கப் போற இடத்துக்கு சுமார் மூணு படி முன்னாலயே போயிடுதுன்னு தெரிஞ்சது. அதாவது கால் இறங்கற நேரத்துல, அந்தப் படியைக் கண்ணு பார்த்து முடிச்சு அடுத்ததுக்குப் போயிடுச்சு. கனடாவுல நடந்த இன்னொரு ஆய்வுல, சில படிகளை ஆட்கள் நேரா பார்க்கறதே இல்லன்னு தெரிஞ்சது. கைப்பிடியை நேரா பார்க்கறது அதைவிட அபூர்வம். ஓரப் பார்வையிலயே அது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கறோம்.

இது சோம்பேறித்தனம் கிடையாது. கண்ணு முதல் சில படிகளைப் பார்த்து "ஒரு படி இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம்"னு மூளைக்கு ஒரு அளவு கொடுக்குது. மூளை அந்த அளவைக் காலுக்குக் கொடுத்துடுது. ஓரிரண்டு படி இறங்கினதும் காலே அதை உறுதி பண்ணிக்குது. அதுக்கப்புறம் மிச்சப் படியெல்லாம் அதே அளவுன்னு நம்பித்தான் இறங்கறோம். அதனாலதான் பேசிக்கிட்டே இறங்க முடியுது, பையில சாவியைத் தேடிக்கிட்டே ஏற முடியுது.

அந்த நம்பிக்கை எங்க பொய்யாகுதோ அங்கதான் ஆபத்து. படியில விழறது பெரும்பாலும் மேல் மூணு படியிலயும் கீழ் மூணு படியிலயும்தான்னு இந்தத் துறையில ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. சமதரையிலிருந்து படிக்கும் படியிலிருந்து சமதரைக்கும் மாறற இடம் அது. பழைய அளவை விட்டுட்டு கண்ணு புதுசா ஒரு அளவு எடுத்தாக வேண்டிய இடம்.

நியூயார்க்கின் ஒரே ஒரு படி

2012-ல நியூயார்க்ல ஒருத்தர் ஒரு சின்ன வீடியோ எடுத்தார். புரூக்ளின் பகுதியில 36-வது தெரு சப்வே ஸ்டேஷன். வெளியே ஏறி வர்ற படிகள்ல ஒரு குறிப்பிட்ட படியில எல்லாரும் தடுக்கறாங்க. ஆபீஸ் போறவர், குழந்தையைத் தூக்கிட்டு வர்றவர், இளைஞர், வயசானவர்னு வரிசையா ஒருத்தர் விடாம. காரணம், அந்த ஒரு படி மத்ததைவிட சுமார் அரை அங்குலம் உயரம். அரை அங்குலம்னா 13 மில்லிமீட்டர். வீடியோ பரவினதும் ரயில்வே நிர்வாகம் அந்தப் படிக்கட்டை மூடிச் சரிபண்ணிட்டாங்க.

அந்த வீடியோவுல தடுக்கின யாருக்கும் கண்ணுல கோளாறு இருந்ததா தெரியல. முன்னால இருந்த படிகளை வெச்சு அவங்க கால் போட்ட கணக்கு சரிதான். அந்த ஒரு படி அந்தக் கணக்குல இல்ல. படி ஏறும்போது நம்ம ஷூ நுனிக்கும் படி விளிம்புக்கும் நடுவுல சில சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். 13 மில்லிமீட்டர் அதுல பெரிய பங்கைத் தின்னுடும். அதனாலதான் அமெரிக்கக் கட்டட விதிகள்ல, ஒரே வரிசையில இருக்கற படிகளோட உயரங்களுக்கு நடுவுல 9.5 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க.

நம்ம ஊர்லயும் விதி இருக்கு. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படியோட உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கற அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுது. பொதுக் கட்டடங்களுக்கு உயரம் 150, அகலம் 300.

இதைப் படிச்சதும் அடுத்த சனிக்கிழமை எழும்பூர்ல ரயிலைப் பிடிச்சு ஊருக்குப் போய், டேப்பை எடுத்து எங்க வீட்டுப் படியை அளந்தேன்.

டேப் காட்டின கணக்கு

நடுவுல இருக்கற படியெல்லாம் 17 சென்டிமீட்டர். மேல் கடைசிப் படி 15. கீழ் கடைசிப் படி, அம்மா விழுந்த படி, 19.

இது எப்படி ஆச்சு? வீடு கட்டும்போது எல்லாமே 17-தான். நாலு வருஷம் முன்னாடி அப்பா படிக்கு கிரானைட் போட்டார். கல்லும் அதுக்கு அடியில போட்ட கலவையும் சேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர். எல்லாப் படியும் அதே ரெண்டு சென்டிமீட்டர் உயர்ந்ததால நடுவுல வித்தியாசம் தெரியல. ஆனா ஹால் தரை உயரல, மாடித் தளமும் உயரல. அதனால தரையிலிருந்து முதல் படி 19 ஆயிடுச்சு, மேல கடைசிப் படி 15 ஆயிடுச்சு.

இதே மாதிரி தலைகீழாவும் நடக்கும். ஹாலுக்கு மட்டும் பழைய தரை மேல புது டைல்ஸ் ஒட்டினா, கீழ்ப் படி குட்டையாயிடும். மொட்டை மாடியில வெயிலுக்காகத் தட்டு ஓடு பதிச்சா, மேல் படி உயரமாயிடும். நம்ம ஊர்ல வேலை பார்த்த எந்த வீட்டுலயும் இது இருக்க வாய்ப்பு அதிகம். ஏன்னா தரை வேலையும் படி வேலையும் ஒரே நேரத்துல நடக்கறது குறைவு.

இறங்கும்போது நடுவுல 16 படி தொடர்ந்து 17 சென்டிமீட்டர்னு சொல்லிக்கிட்டே வந்தது. கடைசியில தரை இருக்க வேண்டிய இடத்துல தரை இல்ல. ரெண்டு சென்டிமீட்டர் காத்துதான். அதுக்குள்ள உடம்போட எடை முன்னால போயாச்சு.

சரி, நாலு வருஷமா அந்தப் படி அப்படித்தானே இருக்கு, அன்னிக்கு மட்டும் ஏன்? இங்கதான் கண்ணு வருது.

புதுக் கண்ணாடி

ஏப்ரல்ல அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தினோம். பைஃபோக்கல். மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி படிக்க. வெள்ளெழுத்து வந்த கோடிக்கணக்கானவங்க போடற கண்ணாடிதான், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா கீழ் பாதி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கற புத்தகத்துக்காக செஞ்சது. நின்னுக்கிட்டுக் கீழ பார்த்தா, அடுத்த படி கண்ணுலேர்ந்து ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளி இருக்கும். அதைப் படிக்கற லென்ஸ் வழியா பார்க்கறோம். படியோட விளிம்பு கலங்கிடும். ரெண்டு லென்ஸும் சேர்ற கோட்டைப் பார்வை தாண்டும்போது, பார்க்கற பொருள் ஒரு துள்ளு துள்ளி இடம் மாறின மாதிரி தெரியும்.

சிட்னியில 2002-ல வெளியான ஒரு ஆய்வு 156 முதியவங்களைப் பார்த்தது. பைஃபோக்கல், ப்ராக்ரெசிவ் மாதிரி பல குவிய லென்ஸ் போட்டவங்களுக்கு, கீழ் பாதி வழியா பார்க்கும்போது விளிம்புகளைப் பிரிச்சறியறதும் ஆழத்தை அளக்கறதும் குறைஞ்சது. அவங்க விழறதுக்கான வாய்ப்பும் மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தது.

அப்போ எல்லாரும் மாத்திடலாமா? 2010-ல அதே ஆஸ்திரேலியாவுல 606 பேரை வெச்சு சோதிச்சாங்க. வெளியே நடக்கவும் படி ஏறவும் தூரப் பார்வைக்கான ஒற்றை லென்ஸ் கண்ணாடி தனியா கொடுத்தாங்க. அடிக்கடி வெளியே போறவங்க விழறது 40 சதவீதம் குறைஞ்சது. அதிகம் வெளியே போகாதவங்க மத்தியில, வெளியே விழறது கூடிடுச்சு. அதனால இதைக் கேட்டுட்டு உங்க பாட்டியோட கண்ணாடியைப் பிடுங்கிடாதீங்க. கண் மருத்துவர்கிட்ட "இவங்க எவ்வளவு நடக்கறாங்க, எவ்வளவு படி ஏறறாங்க"ன்னு சொல்லிக் கேளுங்க. நாங்க கண்ணாடி வாங்கினப்ப அந்தக் கேள்வியை யாரும் கேட்கல, நாங்களும் சொல்லல.

இன்னொரு விஷயம். கண் பரிசோதனையில நாம படிக்கற அட்டையில வெள்ளைப் பின்னணியில கருப்பு எழுத்து. படி அப்படி இருக்காது. சாம்பல் மேல சாம்பல், கருப்பு மேல கருப்பு. எழுத்தெல்லாம் சரியா படிச்சவங்களுக்கும் படி விளிம்பு தெரியாம போகலாம். கண்புரை ஆரம்பிக்கும்போது முதல்ல அடிவாங்கற விஷயங்கள்ல இந்த வித்தியாசம் பிரிக்கற திறனும் ஒண்ணு. இங்கிலாந்துல நாட்டிங்காம்ல 70 வயசுக்கு மேற்பட்ட 306 பெண்களை வெச்சு ஒரு சோதனை நடந்து, 2005-ல வெளியாச்சு. ஒரு கண்ணுல கண்புரை அறுவை சீக்கிரம் செஞ்சுக்கிட்டவங்க விழறது, காத்திருந்தவங்களைவிட 34 சதவீதம் குறைஞ்சது. "இன்னும் முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிப்போடற வீடுகள் இதைக் கவனிக்கணும்.

வெயில், கிரானைட், முறம்

மே மாசம் மதியம் ஒரு மணி. மொட்டை மாடியில நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும். ஜன்னல் இல்லாத மாடிப்படியில நூறு லக்ஸ் இருந்தா அதிகம். கதவைத் தாண்டின அந்த ஒரு அடியில வெளிச்சம் ஆயிரத்துல ஒரு பங்கா குறையுது. கண்மணி சில வினாடியில விரிஞ்சுடும். ஆனா விழித்திரை இருட்டுக்குப் பழக நிமிஷக் கணக்காகும், முழுசா பழக அரை மணி நேரம் வரைக்கும் ஆகும். 18 படி இறங்க இருபது வினாடி போதும். அதாவது அம்மா கடைசிப் படிக்கு வரும்போது கண்ணு இன்னும் மாடி வெயில்லயேதான் இருந்தது. லைட் சுவிட்ச் எங்க இருக்கு? கீழ, ஹால்ல.

அடுத்தது அப்பாவோட பெருமை, ப்ளாக் கிரானைட். பளபளன்னு அழகா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு கருப்புப் படிக்கும் அடுத்த கருப்புப் படிக்கும் நடுவுல விளிம்பு எங்க இருக்குன்னு மேலேர்ந்து பார்த்தா எனக்கே தெரியல. எனக்கு வயசு 26. கீழ ஹால் பழைய ரெட் ஆக்சைடு தரை. மங்கலான வெளிச்சத்துல சிவப்பு சீக்கிரமா கருப்பாத் தெரிய ஆரம்பிச்சுடும். ஆக, படி எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற ஒரே கோடும் காணாம போச்சு.

கடைசியா முறம். நேரா முன்னால பார்த்துக்கிட்டு இருந்தாலும், பார்வையோட கீழ்ப் பகுதி நம்ம காலையும் அடுத்த படியையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். அந்தக் கீழ்ப் பகுதியை மறைச்சுட்டு ஆட்களைப் படி இறங்க வெச்ச ஆய்வுகள்ல, கால் வைக்கற விதமே மாறிடுது, தரை எங்க இருக்குன்னு காலால தடவித் தேடற மாதிரி ஆயிடுதுன்னு பார்த்திருக்காங்க. இடுப்பளவுல பிடிச்ச முறம் அதைத்தான் பண்ணுது. துணி வாளியும் அதைத்தான் பண்ணுது. ரெண்டு கையும் முறத்துல இருந்ததால கைப்பிடியும் இல்ல.

இதெல்லாம் படிச்சப்ப எனக்கு உறைச்சது வேற. ரயில் ஸ்டேஷன் படியில நான் போனை நெஞ்சுக்கு நேரா பிடிச்சு ரீல்ஸ் பார்த்துக்கிட்டே இறங்கறேன். அதுவும் ஒரு முறம்தான். கூடவே கவனத்தையும் எடுத்துக்குது. 26 வயசுக் கால் தப்பைச் சமாளிச்சுடுது, அதனால தப்பு நடந்ததே எனக்குத் தெரியறதில்ல.

அப்போ மலையில ஏன் விழல?

இதை அம்மாகிட்டயே கேட்டேன். "மலையில எப்படிம்மா இறங்குவீங்க?"

யோசிக்காம சொன்னாங்க: "அது கல் படிடி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. குனிஞ்சு பார்த்துப் பார்த்து வைப்பேன். கையில ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். காலையிலயே ஏறிடுவேன், வெயில் வர்றதுக்குள்ள இறங்கிடுவேன்."

பதில் அதுலயே இருக்கு. மலைப்படியை அவங்க நம்பல. அதனால கண்ணு ஒவ்வொரு படியையும் புதுசா அளந்தது. வீட்டுப் படியை நம்பினாங்க. அளவு ஒண்ணா இருந்த வரைக்கும் அந்த நம்பிக்கை சரியாத்தான் இருந்தது. மலை பாதுகாப்பானது, வீடு ஆபத்தானதுன்னு நான் சொல்ல வரல. மலையில தடுக்கினா அடி இதைவிடப் பெருசா இருக்கும். ஆனா "பார்த்து இறங்கக் கூடாதா"ன்னு நாம கேட்டது தப்பான கேள்வி. தினமும் இறங்கற படியை மனுஷக் கண்ணு படிக்குப் படி பார்க்காது. பார்க்காமலே இறங்கினாலும் ஏமாத்தாத மாதிரி படி இருக்கணும். பார்க்கற அந்த ஒரு நொடியில விளிம்பு தெரியணும்.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, கீழ விழுந்து வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கறாங்க. விபத்துக் காயங்களால வர்ற மரணங்கள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். இத்தனைக்கும் நாம இன்னும் "பார்த்துப் போ"ன்னுதான் சொல்லிட்டு இருக்கோம்.

நாங்க என்ன செஞ்சோம்

ஒண்ணு, ஒவ்வொரு படி விளிம்புலயும் மஞ்சள் நிற வழுக்காத டேப். அஞ்சு சென்டிமீட்டர் அகலம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு: டேப் விளிம்போட ஒட்டியே இருக்கணும். ரெண்டு விரல் உள்ள தள்ளி ஒட்டினா, கண்ணு டேப்பைத்தான் விளிம்புன்னு எடுத்துக்கும், இடைவெளி தப்பாயிடும்.

ரெண்டு, கீழேயும் மேலேயும் டூ-வே சுவிட்ச். இனி மாடிக் கதவுகிட்டயே லைட் போடலாம். உள்ள வந்ததும் ஒரு நிமிஷம் நின்னு கண்ணு பழகட்டும்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நிக்கறாங்களான்னு தெரியல.

மூணு, மருத்துவர்கிட்ட பேசி, நடக்கறதுக்குத் தனியா தூரப் பார்வைக் கண்ணாடி.

நாலு, முறத்துக்குப் பதிலா தோள்ல மாட்டற துணிப்பை. ஒரு கை கைப்பிடிக்கு.

அஞ்சு, அந்த 19 சென்டிமீட்டர் படி. மேஸ்திரி வந்து பார்த்துட்டு, ஹால் தரையை மாத்தும்போது சேர்த்துப் பண்ணிடலாம்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் அந்தப் படியோட முன்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட். இதுலயும் ஒரு சுவாரசியம் இருக்கு. இங்கிலாந்துல 2009-ல ஒரு ஆய்வுல, படியோட முன்பக்கத்துல செங்குத்தா கோடு போட்டா படி உண்மையைவிட உயரமா தெரியுது, ஆட்கள் காலை இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்கறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. கண்ணை ஏமாத்தியே காலைக் காப்பாத்தறது. அப்பாகிட்ட அதையும் சொன்னேன். "கிரானைட்ல பெயின்ட் அடிச்சதே போதும்"னுட்டார்.

மாடிச் சாவி இப்ப ஆணியில தொங்குது. போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா மாடியில துணி எடுத்துட்டு இருந்தாங்க. மலைக்குப் போறது பத்தி இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. கை முழுசா சரியாகட்டும்னு அப்பா சொல்றார். நான் அம்மா கட்சி.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுக்குப் போனதும் ஒரு டேப் எடுத்து, மூணு படியை மட்டும் அளங்க. கீழ் கடைசி, நடுவுல ஏதாவது ஒண்ணு, மேல் கடைசி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா, அந்தப் படிக்கு இன்னிக்கே ஒரு நிறம் கொடுங்க. அப்புறம் மேல் படியில நின்னு, வெளிச்சம் குறைஞ்ச நேரத்துல கீழ பாருங்க. விளிம்பு தெரியுதா? அதே கேள்வியை வீட்ல இருக்கற பெரியவங்ககிட்டயும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். இதை படியில நடந்துக்கிட்டே கேட்கறீங்கன்னா, போனை உள்ள வெச்சுடுங்க. என் குரல் காதுல கேட்டா போதும்.